மேலேயிருந்து வந்த சட்டி

உணவகங்களின் பின்கதவு எனக்கு நன்றாகத் தெரியும். முன்கதவோடுதான் பழக்கம் குறைவு. 1990 மாசி மாதக் குளிரில் பேர்ண் நகரத்து உணவகம் ஒன்றின் பின்கதவால் உள்ளே போனவன், முப்பத்தைந்து வருடமாகியும் அதே கதவால்தான் போய்வருகிறேன். கோப்பை கழுவுவதில் தொடங்கி, பெரிய சட்டிகளுக்கு உயர்ந்து, கடைசியில் சலாட்டும் கேக்கும் செய்கிற குளிர்க்குசினியில் நிலைத்துவிட்டேன். அந்தக் காலத்தில் சுவிஸுக்கு வந்த எங்கள் ஆட்கள் பலருடைய கதை இதுதான். ஊரில் தேத்தண்ணி குடித்த கிளாஸைக்கூடக் குசினிவரை கொண்டுபோய் வைத்தறியாதவர்கள், இங்கே மலை மலையாகக் கோப்பை கழுவினோம். அம்மாவுக்குக் கடிதம் எழுதும்போது ‘ஹொட்டேலில் வேலை’ என்று மட்டும் எழுதினேன். அம்மா அதை மனேச்சர் என்று வாசித்து, ஊருக்கும் அப்படியே வாசித்துக் காட்டிவிட்டார்.

பின்கதவுக்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. கல்யாண வீட்டில் மற்றவர்கள் மேசையைப் பார்த்து ‘என்ன வடிவாய் அடுக்கியிருக்கினம்’ என்பார்கள். எனக்கு அதில் எத்தனை கோப்பை, எத்தனை கிளாஸ், எதில் எது காய்ந்து ஒட்டும் என்பதுதான் தெரியும். மஞ்சட்கருவும் உருகின சீஸும் காய்ந்தால் சீமெந்துதான். உலகத்தில் எவ்வளவோ நாடிருக்க, சீஸை உருக்கிச் சட்டியோடு மேசையில் வைக்கிற நாட்டில் எனக்குத் தஞ்சம் கிடைத்தது. பொண்டூச் சட்டியின் அடியில் பிடிக்கும் பொருக்கைச் சுவிஸ்காரர் ருசியென்று சுரண்டித் தின்பார்கள். அவர்கள் சுரண்டாமல் விட்டதெல்லாம் என் பங்கு. இரவு பதினொன்றரைக்கு செஃப் “ஃபைராபென்ட்!” என்று கத்துவார். வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். ஜெர்மன் மொழியில் நான் முதலில் படித்த சொல் அது. இன்றைக்கும் அந்த மொழியில் அதைவிட இனிமையான சொல்லை நான் கேட்கவில்லை.

இப்படிப்பட்டவனிடம் மகள் கேட்டாள். “அப்பா, அம்மாவை ஒருநாளாவது ரெஸ்ரோறண்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறீங்களோ?”

யோசித்துப் பார்த்தேன். ஒருமுறை போயிருக்கிறாள், 1998 இல். நான் வீட்டுச் சாவியை மாறி எடுத்துக்கொண்டு வந்துவிட்டதால், தேடிக்கொண்டு எங்கள் உணவகத்தின் பின்கதவுக்கு வந்தாள். செஃப் மனமிரங்கி ஒரு கிண்ணம் கரட் சூப் கொடுத்தார். உருளைக்கிழங்குப் பெட்டியின் மேல் இருந்து குடித்துவிட்டு “உப்புக் காணாது” என்றாள். செஃப் என் முகத்தைப் பார்த்தார். “மிகவும் நன்றாக இருக்கிறதாம்” என்று மொழிபெயர்த்தேன்.

மகள் கணக்குப் பார்த்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருடம், ஜெர்மனியின் ருஸ்ட் கிராமத்தில் இருக்கிற யூரோப்பா பார்க்குக்கு ஐம்பது வருடம். இரண்டையும் சேர்த்துக் கொண்டாட வேண்டும் என்று ரிக்கெற்றும் ஹொட்டேலும் பதிந்துவிட்டாள். சுவிஸில் வளர்ந்த பிள்ளைகளுக்கு யூரோப்பா பார்க் என்றால் எங்களுக்கு நல்லூர்த் திருவிழா மாதிரி. ஒருமுறை போகாவிட்டால் பள்ளிக்கூடத்தில் மரியாதை இல்லை. மகளும் மகனும் பள்ளிக்கூடத்தோடு போய்வந்தார்கள். நான் போகவில்லை. சனி ஞாயிறுகளில் உலகம் சாப்பிட வருகிறபடியால் எனக்கு அன்றைக்குத்தான் வேலை கூட.

அந்தப் பூங்காவின் கதை எனக்குப் பிடித்தது. மாக் குடும்பத்தார் 1780 இலிருந்து பக்கத்து வால்ட்கிர்க் ஊரில் வண்டில் செய்தவர்கள். பரம்பரை பரம்பரையாக சேர்க்கஸ் வண்டில், ராட்டினம், ரோலர் கோஸ்டர் என்று கை மாறியது. செய்கிற ராட்டினங்களை வாங்க வருகிறவர்களுக்கு ஓட்டிக் காட்ட ஓர் இடம் வேண்டும் என்று 1975 ஆடியில் ருஸ்டில் ஒரு பூங்காவைத் திறந்தார்கள். இன்றைக்கு ஐரோப்பாவில் டிஸ்னிலாண்ட் பாரிஸுக்கு அடுத்தபடி சனம் கூடுகிற பூங்கா அதுதான். சாமான் காட்டத் திறந்த கடையே கோயிலாகிவிட்டது.

எங்கே சாப்பிடுவது என்பதில் பெரிய பேச்சுவார்த்தை நடந்தது. மகள் முதலில் சொன்னது 2022 இல் திறந்த ‘ஈட்ரினலின்’. அதில் நீங்கள் இருக்கிற கதிரையே உங்களை ஏற்றிக்கொண்டு அறை அறையாகப் போகும், ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொரு சாப்பாடு.

“சாப்பிடேக்கை கதிரை ஒரு இடத்தில நிக்காதோ?” என்றாள் மனைவி. “எனக்குக் கோப்பையில கடைசி வாய் மிச்சமிருக்கேக்கை இழுத்துக்கொண்டு போனால் என்ன செய்யிறது?”

அடுத்தது பெல் றொக் ஹொட்டேலின் கலங்கரை விளக்கத்துக்குள்ளே இருக்கிற அமோலீற். இரண்டு மிஷலான் நட்சத்திரம். அதை நான் வெட்டினேன். நட்சத்திரம் கூடக் கூடக் கோப்பை பெருக்கும், சாப்பாடு சிறுக்கும். இந்த உலகத்தில் கழுவுகிறவனுக்கு நடக்கிற அநியாயங்களில் அது முதலாவது. கடைசியில் மிஞ்சியது ஃபூட்லூப். அங்கே கதிரை அசையாது, சாப்பாடுதான் ரோலர் கோஸ்டரில் வரும். மேலேயிருந்து தண்டவாளத்தில் சறுக்கி, சுற்றிச் சுழன்று மேசைக்கு வந்து நிற்கும். “இது பரவாயில்லை. ஓடித் திரியிறது அதின்ர விருப்பம்” என்று மனைவி சம்மதித்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ரயில் ஏறினோம். பேர்ணிலிருந்து பாசல், பாசலிலிருந்து ரைன் ஆற்றோடு வடக்கே. பார்க்குக்குப் போகிற வழியில் ஃப்ரைபூர்க் வருகிறது, இறங்கி ஊர் பார்த்துவிட்டுப் போங்கள் என்பது மகளின் திட்டம். வெள்ளிக்கிழமை மனைவிக்குச் சைவம் என்பதை மகள் மறந்துவிட்டாள். நானும் அதை எடுத்துச் சொல்லவில்லை. மனதின் ஓரத்தில் ஒரு நப்பாசை.

ஃப்ரைபூர்க் வீதிகளின் ஓரத்தில் சின்னச் சின்ன நீர்க்கால்கள் ஓடுகின்றன. ‘பெக்லே’ என்று பெயர். எங்கள் ஊரில் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறுகிற வாய்க்கால் அளவு. ட்ரைசாம் ஆற்றுத் தண்ணீர், எழுநூறு வருடங்களுக்கு மேலாக இப்படி ஓடுகிறது. சின்னப் பிள்ளைகள் கயிறு கட்டிய மரப்படகுகளை அதில் இழுத்துக்கொண்டு போகிறார்கள். தவறுதலாகக் காலை அதற்குள் வைக்கிறவர் ஃப்ரைபூர்க் ஆளைத்தான் கல்யாணம் செய்வார் என்று ஒரு நம்பிக்கை. இதை நான் தொலைபேசியில் பார்த்து மனைவிக்கு வாசித்துக்கொண்டே நடந்ததில், சப்பாத்தோடு வலது கால் உள்ளே போய்விட்டது.

மனைவி நின்று, நனைந்த காலைப் பார்த்து, சுற்றுமுற்றும் பார்த்தாள். “ஆரும் வாறாவோ எண்டு பாப்பம். வந்தால் வீட்டுத் திறப்பைக் குடுத்திட்டு நான் ரயில் ஏறுவன். பிறஷர்க் குளிசை எத்தினை மணிக்கெண்டும் ஒரு துண்டில எழுதிக் குடுக்கிறன்.”

ஒரு நிமிடம் நின்றோம். ஒருத்தரும் வரவில்லை.

ஊர் நடுவில் மூன்ஸ்டர் தேவாலயம். 116 மீற்றர்க் கோபுரம், 1944 குண்டுவீச்சில் சுற்றியிருந்த ஊரே எரிந்தபோதும் நின்றுகொண்டது. எல்லாரும் அண்ணாந்து படம் எடுத்தார்கள். மனைவி மட்டும் வாசல் சுவரில் கண்களைத் தாழ்த்தி எதையோ பார்த்துக்கொண்டு நின்றாள். சுவரில் வட்டமும் நீளமுமாகச் சில கோடுகள், 1270, 1317, 1320 என்று ஆண்டுகள். அந்தக் காலத்தில் பேக்கரிக்காரன் பாணை எந்த அளவில் சுடவேண்டும் என்பதைக் கோயில் வாசலிலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஐமிச்சம் என்றால் வாங்கின பாணைக் கொண்டுவந்து ஒத்துப் பார்க்கலாம். மனைவி தயங்கவில்லை. ரயிலடியில் வாங்கிய பணிஸைப் பையிலிருந்து எடுத்து 1317 இன் மேல் வைத்தாள். சுற்றிவர நாலு விரல் இடம் மிச்சமிருந்தது.

“பாத்தீங்களே” என்றாள். எழுநூறு வருடத்துக்குப் பிறகு அந்தச் சட்டத்தை அமுல்படுத்த ஒருத்தி யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டியிருந்தது.

தேவாலயத்தைச் சுற்றிச் சந்தை. சந்தையில் ‘லாங்க ரோட்ட’ என்று ஒரு சிவப்புச் சொசேஜ். முப்பத்தைந்து சென்றிமீற்றர். பாணுக்குள் படுக்கவைத்தால் தலையும் காலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சின்னக் கட்டிலில் பெரிய ஆள் படுத்ததுபோல. பொரிகிற வாசனை கோபுரத்து உச்சிவரை போயிருக்கும். நான் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினேன்.

“வெள்ளிக்கிழமை” என்றாள் மனைவி, திரும்பிப் பார்க்காமலே.

மத்தியானம் ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்தோம். பட்டியலில் ‘மௌல்தாஷன்’ இருந்தது. கோதுமை மாவைத் தட்டி, உள்ளே இறைச்சியும் கீரையும் வைத்து மடித்து அவிக்கிற பண்டம். அதன் கதை எனக்குத் தெரியும், எங்கள் செஃப் அந்தப் பண்டத்தின் சொந்த ஊரான ஸ்வேபியாக்காரர். மௌல்ப்ரொன் மடத்துத் துறவிகள் தவக்கால விரதத்தில் இறைச்சி தின்ன ஆசைப்பட்டு, கடவுளுக்குத் தெரியாமல் மாவுக்குள் ஒளித்தார்களாம். அதனால் அதற்கு ‘ஆண்டவனை ஏய்க்கிற சாமான்’ என்று ஒரு செல்லப் பெயரும் உண்டு. இவ்வளவையும் மனைவிக்கு ஆர்வமாகச் சொன்னேன். வெளியிலிருந்து பார்த்தால் சைவம் மாதிரித்தான் இருக்கும் என்பதையும் பக்குவமாகச் சேர்த்தேன்.

மனைவி யோசித்தாள். “கடவுளுக்கே தெரியாதெண்டு நினைக்கிற அளவுக்கு மா அவ்வளவு தடிப்போ?”

இதற்கு இறையியலில் என்ன பதில் இருக்கிறதோ தெரியாது. இருவரும் சீஸ் போட்ட ‘ஸ்பெட்ஸ்லே’ சாப்பிட்டோம். மாவைக் கொதிநீரில் சீவிவிட்டுச் செய்வது. இடியப்பமாக வெளிக்கிட்டுப் பாதிவழியில் மனம் மாறினதுபோல இருந்தது. கோப்பையின் ஓரத்தில் சீஸ் காய்ந்துகொண்டு வந்ததை நான் பார்க்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை. கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கரண்டியால் தேய்த்துவிட்டேன். உள்ளே நிற்கிறவன் யாரோ, நல்லாயிருக்கட்டும்.

பிறகுதான் அந்தச் சம்பவம் நடந்தது. அதை நான் சொல்லாமல் விட்டால் மனைவி சொல்லிவிடுவாள் என்பதால் சொல்கிறேன். கோப்பி குடிக்க ஒரு கடைக்குப் போனோம். கருங்காட்டின் வாசலில் வந்து கருங்காட்டு கேக் தின்னாமல் போவதா என்று மனைவியே கேட்டாள். பால், சொக்கலேற், செர்ரிப் பழம், எல்லாம் சைவம். கிர்ஷ்வாசர் என்கிற செர்ரிச் சாராயம் இல்லாமல் அந்தக் கேக் கிடையாது என்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வாரத்துக்கு மூன்று தரம் அந்தக் கேக்கின் அடுக்குகளில் அதைத் தெளிக்கிறவனே நான்தான்.

முதல் கரண்டி வாயில் வைத்தாள். “இதில என்ன ஒரு வாசம்?”

“செர்ரி” என்றேன். பொய் இல்லை. செர்ரிதான், கொஞ்சம் முதிர்ந்த செர்ரி.

முழுவதும் முடித்தாள். என்னுடையதில் பாதியையும் எடுத்தாள். முப்பது வருடத்தில் முதற்தடவையாக வீதியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நீர்க்காலைத் தாண்டும்போது சிரித்தாள். அன்றைய மாலை மிக நன்றாகப் போயிருக்கும். இரவு மகள் தொலைபேசி எடுத்து “என்ன சாப்பிட்டீங்கள்?” என்று கேட்டுத் தொலைத்தாள். கருங்காட்டு கேக் என்றதும், அதில் சாராயம் இருப்பதையும் சொல்லிவிட்டாள்.

ஹொட்டேல் ரோமாபுரியின் கொலோசியம் மாதிரிக் கட்டியது, பெயரும் ‘கொலோசியோ’. பழைய ரோமாபுரியில் இடிந்திருப்பதுபோலவே இங்கேயும் வளைவுகளை இடித்தே கட்டியிருக்கிறார்கள். மனைவி முற்றத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். “எங்கட ஊரில இடிஞ்ச வீடு எத்தினை கிடக்கு. ஒருத்தரும் ரிக்கெற் போட யோசிக்கேல்லை” என்றாள். கேக் விஷயமாக என்னோடு பேசுவதில்லை என்று தீர்மானித்த பிறகு பேசிய முதல் வசனம் அது, என்னைப் பார்த்துச் சொல்லப்படவில்லை. அறைக்குள் போனதும் கட்டில் விரிப்பின் மூலையை இழுத்துப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடமாக முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறவள். “நல்லாத்தான் மடிச்சிருக்கினம்.” இதுவும் விரிப்புக்குச் சொன்னது.

சனிக்கிழமை பூங்காவுக்குள் போனோம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் பெயரில் ஒவ்வொரு பகுதி. இத்தாலியிலிருந்து வெளிக்கிட்டால் ஐந்து நிமிடத்தில் பிரான்ஸ், அப்படியே நடந்தால் கிரேக்கம், இங்கிலாந்து, ஸ்கண்டிநேவியா. எனக்கு முதலில் கொஞ்சம் பதட்டமாகத்தான் இருந்தது. வந்த புதிதில் என்னிடம் இருந்தது அகதி விண்ணப்பக்காரருக்குக் கொடுக்கிற ‘என்’ அட்டை. அதை வைத்துக்கொண்டு சுவிஸ் எல்லையைத் தாண்ட முடியாது. பாசலில் ஆற்றங்கரையில் நின்று எல்லைக்கு அப்பால் ஜெர்மனியைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். பரீஸில் அக்காவின் கல்யாணத்துக்குப் போகவில்லை, வீடியோ கசற் வந்தது. இப்போது ஒரு மணித்தியாலத்தில் ஏழு நாடு. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பழக்கதோஷத்தில் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

மனைவிக்கு அந்தப் பூங்கா வேறு வகையில் பயன்பட்டது. சனங்களின் சொந்தக்காரர் ஒரு தெருவில் இருப்பார்கள், எங்களுடையவர்கள் ஒரு கண்டத்தில் இருக்கிறார்கள். இங்கிலாந்துப் பகுதியில் என்னை நிறுத்திப் படம் எடுத்து லண்டன் அண்ணருக்கு அனுப்பினாள், “உங்கட வீட்டு வாசலில நிக்கிறம், தேத்தண்ணி இல்லையோ?” பிரான்ஸில் எடுத்தது அக்காவுக்கு. ஸ்கண்டிநேவியாவின் மர வீடுகளுக்கு முன்னால் எடுத்தது ஒஸ்லோ மச்சானுக்கு. கிரேக்கத்தில் எங்களுக்கு ஒருத்தரும் இல்லாதபடியால் அதைப் பார்க்காமலே கடந்தோம். மச்சானிடமிருந்து மட்டும் உடனே பதில் வந்தது: “எப்ப வந்தனீங்கள்? ஏன் சொல்லேல்லை?” அவர் நம்பிவிட்டார். பின்னேரம்வரை அவரைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

சுவிஸ் பகுதியும் உண்டு. வாலிஸ் மாகாணத்து மரக் குடிசைகள், மற்றஹோர்ன் மலையின் பெயரில் ஒரு ராட்டினம். சுவிஸிலிருந்து ரயில் ஏறி ஜெர்மனிக்கு வந்து காசு கொடுத்துச் சுவிஸுக்குள் நுழைந்தோம். எங்களைப்போல வந்த சுவிஸ்காரர் பலர் அங்கே பேர்ண் மொழியிலும் சூரிச் மொழியிலும் பேசிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். மனைவிக்கு அந்தக் குடிசைகள் பிடித்துவிட்டன. “இந்தச் சுவிஸில வாடகை எவ்வளவாம்?” என்று கேட்டாள். என்னிடம்தான் கேட்டாள். பேச்சுவார்த்தை மீண்டது.

ராட்டினங்களைப்பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ‘சில்வர் ஸ்டார்’ என்று ஒன்று, 73 மீற்றர் உயரம், மணிக்கு 130 கிலோமீற்றர் வேகம். அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம். மேலேயிருந்து சனங்கள் போட்ட சத்தம் காணும் என்று திரும்பிவிட்டோம். ஒஸ்ரியாப் பகுதியில் சின்னப் பிள்ளைகள் ஏறுகிற மலை ரயிலில் ஏறினோம். மனைவி இரண்டாம் முறையும் ஏறினாள். நான் அவளுடைய கைப்பையை வைத்துக்கொண்டு வெளியே நின்றேன். பை வழமையைவிடப் பாரமாக இருந்தது. உள்ளே என்ன என்பது ஒரு மணிக்குத் தெரிந்தது.

ஃபூட்லூப்புக்குள் காலை வைத்ததும் முதலில் கண்ணில் பட்டது கூரை. வெள்ளித் தண்டவாளங்கள் சுருள் சுருளாக இறங்குகின்றன. மூடி இறுக்கிய சட்டிகள் அவற்றில் கடகடவென்று ஓடி வந்து, ஒரு குட்டிக்கரணமும் அடித்து, யாரோ ஒருவரின் மேசை நடுவில் வந்து நிற்கின்றன. மோட்டார் இல்லை, பூமியின் ஈர்ப்புத்தான் வேலைக்காரன். இப்படிப்பட்ட உணவகம் முதலில் 2007 இல் நூர்ன்பெர்க்கில் வந்ததாம். பிள்ளைகள் ஒவ்வொரு சட்டிக்கும் கைதட்டினார்கள்.

நான் கைதட்டவில்லை. மேலே பார்த்தேன். அந்தத் தண்டவாளங்களின் தொடக்கம் எங்கே? அங்கே யார் நிற்கிறார்? சாப்பாட்டைச் சட்டியில் போட்டு, மூடி, பூட்டி, சரியான மேசைத் தண்டவாளத்தில் தள்ளிவிடுகிற ஆள் ஒருவர் இருக்கத்தானே வேண்டும். எனக்கு முகம் தெரியவில்லை. வெறும் சட்டி மட்டும் வந்துகொண்டிருந்தது. எங்கள் உணவகத்தில் முன்பக்கத்தில் இருந்து சாப்பிட்டவர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது. ஒரு சதுர ஓட்டை, அதிலிருந்து கோப்பை வரும். கோப்பைக்குப் பின்னால் ஒரு கை இருக்கும், மணிக்கட்டுவரை.

“வாயை மூடுங்கோ. சட்டி உள்ளுக்கு விழப்போகுது” என்றாள் மனைவி.

மேசையில் ஒரு ரப்லெற். அதில் தட்டித்தான் சாப்பாடு கேட்கவேண்டும். கேக் விவகாரத்தின் தண்டனையாக ரப்லெற் மனைவியின் கையில். ஒவ்வொன்றாகத் தட்டிப் படித்து, “இதுக்குள்ள என்ன?” என்று என்னைக் குறுக்குவிசாரணை செய்து, எனக்குக் கோழியும் தனக்கு மரக்கறி நூடில்சும் தெரிவுசெய்தாள். பொரித்த உருளைக்கிழங்கு ஒன்று போதும் என்றாள். அவள் கை கழுவப் போன நேரத்தில், அது பதிந்ததா இல்லையா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஒருமுறை தட்டினேன். ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை. இன்னும் இரண்டு முறை தட்டினேன். முப்பத்தைந்து வருடம் குசினியில் நின்றவனுக்கு ஓடர் வருவதுதான் பழக்கம், ஓடர் கொடுத்துப் பழக்கமில்லை.

முதற் சட்டி வந்தது. மேலே ஒரு மூலையில் தலைகாட்டி, சுற்றி, கவிழ்ந்து, நிமிர்ந்து, ‘டங்’ என்று எங்கள் முன்னால் நின்றது. மனைவி அவளையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். திறந்தால் பொரித்த உருளைக்கிழங்கு. அடுத்தது கோழி. அதற்கடுத்தது நூடில்ஸ். பிறகு ஒரு உருளைக்கிழங்கு. பிறகு இன்னுமொரு உருளைக்கிழங்கு. பக்கத்து மேசைச் சின்னனுகள் எங்களுக்காகச் சத்தம்போட்டு எண்ணத் தொடங்கின. நாலாவது உருளைக்கிழங்குக்கு எழும்பி நின்று கைதட்டினார்கள்.

மனைவி என்னைப் பார்த்தாள். “நான் ஒண்டுதானே போட்டனான்?”

“திருப்பி அனுப்பலாமோ?” என்றேன். இரண்டு பேரும் தண்டவாளத்தைப் பார்த்தோம். அது கீழ்நோக்கி மட்டும்தான். வந்தது வந்ததுதான். இரண்டு சட்டிகளை அந்தச் சின்னனுகளின் மேசைக்குக் கொடுத்தோம். அவர்களின் தாய் எத்தனையோ முறை நன்றி சொன்னாள். எங்களைப் பெரிய மனதுக்காரர் என்று நினைத்திருப்பாள்.

அப்போது மனைவி அந்தக் கைப்பையைத் திறந்தாள். உள்ளே ஒரு பழைய நெஸ்கபே போத்தல். போத்தலில் இடிச்ச சம்பல்.

“இஞ்சை வேண்டாம்” என்றேன். எங்கள் உணவகத்தில் யாராவது வீட்டுச் சோஸைக் கொண்டுவந்து ஊற்றினால் நாங்கள் உள்ளே நின்று எப்படிச் சிரிப்போம் என்று எனக்குத்தான் தெரியும்.

“ஆர் பாக்கிறது? சாப்பாடு கொண்டுவாறது சட்டி. சட்டிக்குக் கண்ணிருக்கோ?” என்றாள். தர்க்கம் சரியாகத்தான் இருந்தது. நூடில்சுக்கு மேலே ஒரு கரண்டி சம்பல் விழுந்தது. என் கோழிக்கும் ஒன்று. அந்த மண்டபத்தில் அன்றைக்கு அதைவிட ருசியான கோழி வேறு மேசையில் இருந்திருக்காது.

சாப்பிட்டு முடிந்ததும் என் கை தானாக வேலையைத் தொடங்கியது. எண்ணினேன். நாங்கள் கொடுத்த இரண்டையும் சேர்த்தால் ஆறு சட்டி, ஆறு மூடி, பூட்டுகள் வேறு. சாதாரண உணவகத்தில் இரண்டு பேருக்கு மூன்று கோப்பையோடு முடிகிற காரியம். மூடியின் உள்விளிம்பில் எண்ணெய் பிடித்திருக்கும், மெசினில் மட்டும் போட்டால் போகாது, கையால் ஒருமுறை துடைக்க வேணும். பெரியதற்குள் சிறியதாக அடுக்கினேன். கரண்டிகளை ஒரு பக்கம், முள்ளுகளை ஒரு பக்கம். எலும்புகளை ஒரு சட்டியில் சேர்த்தேன். மேசையைக் கடதாசியால் துடைத்தேன். மனைவி தடுக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேசை எடுக்க வந்த பெண் அந்த அடுக்கைக் கண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: “நீங்கள் இந்தத் தொழிலா?”

ஒரு அடுக்கில் கண்டுபிடித்துவிட்டாள். எங்கே, எத்தனை வருடம் என்று விசாரித்தாள். சொன்னேன். தலையை ஆட்டினாள், அந்த ஆட்டலைத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

காசு கொடுக்கும்போது சந்தோஷம் எவ்வளவு வைப்பது என்று எங்களுக்குள் கூட்டம் நடந்தது. சுவிஸில் 1974 இலிருந்து சேவைக் கட்டணம் விலைக்குள்ளேயே அடக்கம், அதனால் அங்கே சில்லறையை விட்டுவிட்டு எழும்பலாம். ஜெர்மனியில் சந்தோஷம் வைப்பதுதான் வழக்கம். ஐந்து ஈரோ என்றேன். மனைவி பத்து ஈரோத் தாளை எடுத்தாள். நான் ஆச்சரியப்பட்டேன், 1317 ஆம் ஆண்டுப் பாணுக்கு நீதி கேட்ட பெண் இவள்.

“பாதி மேல நிக்கிற ஆளுக்கு எண்டு சொல்லுங்கோ” என்றாள். “கழுவுற ஆளுக்கு.”

சொன்னேன். அந்தப் பெண் தாளை வாங்கி, நான் அடுக்கிய சட்டிகளில் மேலே இருந்ததன் மூடியைத் திறந்து உள்ளே வைத்து மூடினாள். இரண்டு கையாலும் அடுக்கைத் தூக்கினாள். தண்டவாளத்தில் கடகடவென்று வந்த சட்டிகள் திரும்பிப் போகும்போது ஒரு பெண்ணின் கையில் போயின. அவள் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். அடுக்குச் சரியாமல் போகிறதா என்பதுதான் என் கவலை. அடியில் வைத்த சட்டி கொஞ்சம் கோணலோ என்று ஐமிச்சம்.

“எழும்புங்கோ” என்றாள் மனைவி. “ஃபைராபென்ட்.”

எழும்பினேன். வாசலுக்குப் போகிற வழியில், சின்னனுகள் இருந்த மேசைக்குக் கீழே ஒரு கரண்டி விழுந்து கிடந்தது. நான் அதைப் பார்த்தேன். குனியக்கூடாது என்று என்னையே கட்டுப்படுத்திக்கொண்டு தாண்டி நடந்தேன். திரும்பிப் பார்த்தால் மனைவி குனிந்து அதை எடுத்து, சீலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்து, மேசையில் நேராக வைத்துக்கொண்டிருந்தாள்.